மேலிருந்து மூன்றாவது

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மசியில் தோய்த்துக் காகிதத்தில் குத்தினால் பூப்போல ஓர் அச்சு விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை வைத்து வாழ்த்து அட்டை செய்வார்கள். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அதை வைத்து எங்களுக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்தார். புதுச் சட்டை வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டங்கள் போட்டு, அதைக் குழாயடிச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும், வாக்குச்சாவடி முத்திரைக்குப் பதிலாக, ஒரு வெண்டைக்காய்த் துண்டு. "மேலேர்ந்து மூணாவது. எண்ணும்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஹாங், அங்கதான். குத்து." குத்தினார்கள். என் அக்காவும் குத்தினாள். குத்திவிட்டு, விரலில் ஒட்டிய நீல மசியைப் புடவைத் தலைப்பில் துடைக்காமல், ஏதோ பிரசாதம்போலக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெரிகுட்" என்றார். குழாயடிக்குப் பின்னால் நாலா ஓடியது. அந்தச் சாக்கடை நாற்றம் எங்களுக்கு இருப்பதாகவே தெரியாது. அவர் வந்தால்தான் ஞாபகம் வரும்.

டெல்லி லோதி ரோடு சர்க்கார் குடியிருப்புகளுக்கும் எங்கள் குடிசைகளுக்கும் நடுவில் இருந்தது அந்த நாலா ஒன்றுதான். கள்ளக்குறிச்சிப் பக்கமும் சேலத்துப் பக்கமும் இருந்து வீடு கட்டும் வேலைக்கு வந்து, கட்டி முடித்த வீடுகளின் நிழலிலேயே தங்கிப்போனவர்கள் நாங்கள். ஆண்களுக்குக் கிடைத்த நாளில் வேலை. பெண்களுக்கு மட்டும்தான் நிச்சயமான வேலை: காலையில் மரப்பாலத்தைத் தாண்டினால் குடியிருப்பு, வீடு வீடாகப் பாத்திரம், துணி, தரை. பகலில் ஒருமுறை ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி ஓடலாம். எங்கள் வாழ்க்கை முழுவதும் அந்த நடைதூரத்தில் அடங்கியிருந்தது. குடிசைகளை யமுனைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டுபோய்ப் போடப்போகிறார்கள் என்று அவ்வப்போது பேச்சு வரும். பேச்சு வரும்போதெல்லாம் அக்கா கேட்பது ஒன்றுதான்: "அங்கேர்ந்து இங்க நடந்து வர முடியுமா தம்பி?" முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் என்னையும் அவள் அந்த நடையால்தான் காப்பாற்றினாள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் நான் படித்து முடித்ததும், எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் பேனா பிடித்துச் சம்பாதிக்க ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்ததும் அவள் தேய்த்த பாத்திரங்களால்தான். ஆனால் செயலாளர் சங்கக் கூட்டங்களில் என் தோளைத் தட்டி, "இவன் நம்ம வளர்ப்பு" என்பார். அவர் வீட்டில் அக்கா வேலை செய்தாள், பழைய செய்தித்தாள்களை எனக்குக் கொடுத்தனுப்பினார். அவர் வளர்த்தது அவ்வளவுதான்.

செயலாளர் ஒரு மந்திராலயத்தில் செக்‌ஷன் ஆபீசர். சர்க்கார் ஊழியர் அரசியலில் கலந்துகொள்ளக் கூடாது என்பதால் அவர் அரசியல் பேசமாட்டார். "நான் பாலிடிக்ஸ் பேசறதில்லை, பேட்டர்ன் பேசறேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு வராந்தாவில் அந்தப் பேட்டர்ன் வகுப்பு நடக்கும். கரோல் பாக்கில் வாடகைக்கு இருக்கும் பழைய குமாஸ்தாக் குடும்பங்கள் வீட்டுக்காரன் எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க்கட்சிக்குப் போடும். லோதி ரோடு பிளாட்காரர்கள் பஞ்சப்படி அறிவிப்பு தேர்தலுக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று பார்த்துப் போடுவார்கள். நாலா ஓரத்து ஜனங்கள் கடைசியாக யார் வந்து கும்பிட்டானோ அவனுக்குப் போடுவார்கள். இதைச் சொல்லும்போது அக்கா அவர் காலடியில் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். "காலைத் தூக்குங்க சார்" என்று அவள் சொல்ல, அவர் பேச்சை நிறுத்தாமல் காலைத் தூக்குவார். முடிவு வந்த பிறகு அவருடைய கணிப்பு தவறியதே இல்லை. முடிவுக்கு முன்னால் அவர் என்ன சொன்னார் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாததால் அவருக்கு அது வசதியாக இருந்தது. டெல்லித் தமிழர்களின் வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொள்ள இரண்டு கட்சிக்காரர்களும் அவரிடம் வந்தார்கள். தமிழர்களிடம் வருவதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அங்கே காபி கிடைத்தது, நாற்றம் இல்லை.

எங்கள் ஜனங்களின் வாக்கில் ஒரு குழப்பம் இருந்தது உண்மைதான். அதை மறைப்பதற்கில்லை. உடம்பு டெல்லியில் இருந்தாலும் கட்சி ஊரிலேயே இருந்தது. வாக்குச்சாவடிக்குள் போய்ச் சீட்டை விரித்ததும் ஊர்ச் சின்னத்தைத் தேடுவார்கள். அது டெல்லிச் சீட்டில் எப்படி இருக்கும்? முந்திய தேர்தலில் பாதிப்பேர் தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் சந்துக் கிழவர் ஒருவர், "நம்மாளு நிக்கல, அப்புறம் எவனுக்குப் போட்டா எனக்கென்னா?" என்று தேர்தல் அதிகாரியிடமே சண்டை போட்டார். அதிகாரி பஞ்சாபி, இவர் பேசியது தமிழ். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகத் திட்டிக்கொண்டார்கள், ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அடுத்த தேர்தலுக்குள் எங்களுக்கு நிஜமாகவே ஓர் ஆள் கிடைத்துவிட்டார். மாநகராட்சியில் எங்கள் வட்டத்து உறுப்பினர், மார்க்கெட்டில் மிட்டாய்க்கடை வைத்திருந்த பஞ்சாபிக்காரர். உத்தமர் என்று சொல்லமாட்டேன். அவர் கடையின் ஜிலேபியில் எண்ணெய் எந்தக் காலத்தது என்று கேட்கக்கூடாது. ஆனால் அந்தக் குழாயைப் போட்டுக்கொடுத்தவர் அவர். குடிசைகளை அகற்றும் பேச்சு எழுந்தபோதெல்லாம் போய்க் கத்தி நிறுத்தியவரும் அவர்தான். அவருக்கும் அதில் லாபம் உண்டு, கடையில் மாவு பிசைந்தவர்களும் விறகு பிளந்தவர்களும் எங்கள் ஆட்கள். அவரை எதிர்த்து நின்றவரோ, நாலாக் கரையைச் சுத்தம் செய்து பூங்கா போடுவேன் என்று எங்கள் வட்டத்துப் பங்களாக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பூங்கா என்றால் எங்களுக்குப் பொருள் தெரியும். மிட்டாய்க்கடைக்காரர் ஜெயித்தால் அக்கா நடந்து வேலைக்குப் போவாள், தோற்றால் லாரி வரும். இதைச் சொல்ல ஒரு பேட்டர்னும் வேண்டாம். குழாயடியில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த ஒரு தேர்தலில் எங்களுக்கு ஊர்ச் சின்னம் தேவைப்படவில்லை.

செயலாளர் மிட்டாய்க்கடைக்காரரிடம் போய், "மதராசி வோட் முழுக்க நான் உங்க பக்கம் திருப்பித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஏற்கெனவே அவருக்கே கிடைக்கவிருந்த வாக்கை அவருக்கே கொடுப்பதாகச் சொல்லி, பதிலுக்குச் சங்கத்துக்கு ஒரு மனை கேட்டார். சங்கக் கட்டடம் எழும், வாசலில் கல்வெட்டு இருக்கும், அதில் ஒரு பெயர் இருக்கும். கேட்டுவிட்ட பிறகு தானும் ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டுமல்லவா? அதற்காகத்தான் வெண்டைக்காய். "நம்ம ஜனங்க படத்தைப் பார்த்தா குழம்பிடுவாங்க. ஊர் நினைப்புல கை எங்கேயோ போயிடும். படமே பாக்கக் கூடாது. எடத்தை எண்ணிக் குத்தணும்" என்றார். கேட்டவர்கள் அவருடைய நுட்பத்தை வியந்தார்கள். பஸ் நம்பரைப் படிக்கத் தெரியாமலே டெல்லி முழுக்கப் போய்வந்த பெண்களுக்கு ஒரு படத்தை அடையாளம் கண்டுகொள்ளத் தெரியாது என்பதில் அந்த வராந்தாவில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

அவர் வீடு இருக்கும் பக்கம் நியமனக் கமிட்டியின் ஆட்சி, மாநகராட்சித் தேர்தல் அங்கே கிடையாது. அவருக்குப் பெருநகர் மன்றத்துக்கு மட்டும் ஒரு சீட்டு. நாலாவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இரண்டு சீட்டு: பெருநகர் மன்றத்துக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. ஒரே நாளில், ஒரே சாவடியில். பெருநகர் மன்றச் சீட்டில் மிட்டாய்க்கடைக்காரருடைய கட்சிக்காரர் மூன்றாவதாக இருந்தார். செயலாளர் அதைப் பார்த்துத்தான் அட்டை தயாரித்திருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

"சார், எங்க பக்கம் ரெண்டு சீட்டு குடுப்பாங்க. ரெண்டுலயும் வரிசை ஒண்ணா இருக்காது. ஆளுங்க பேரை அகரவரிசையில போடறாங்க."

"யார் சொன்னா?"

"ஆபீஸ்ல எலக்‌ஷன் டியூட்டிக்கு டிரெயினிங் குடுத்தாங்க சார்."

"டிரெயினிங்." அந்தச் சொல்லை வாயில் வைத்துச் சுவைத்தார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, "கேட்டியா, நம்ம கமலத்தோட தம்பி நமக்கு எலக்‌ஷன் லா சொல்லித்தர்றான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கட்சி ஒண்ணுன்னா எடமும் ஒண்ணுதாம்ப்பா. ஒரே கட்சிக்கு ஒரு சீட்டுல மூணு, இன்னொண்ணுல ஆறுன்னு எந்த சர்க்கார் போடும்? முப்பது வருஷமா சர்க்கார்ல இருக்கேன். நீ டெம்பரரி" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். சந்தில் நாலைந்து பேரைக் கூட்டிவைத்தும் சொன்னேன். "எண்ணாதீங்க, படத்தைப் பாருங்க. மிட்டாய்க்கடைக்காரர் படத்தைப் பாத்துக் குத்துங்க." அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அக்காதான் பதில் சொன்னாள்: "சாரு பெரிய ஆபீசருடா. எல்லாரும் ஒரே எடத்துல குத்தினாத்தான் நாம ஒத்துமையா இருக்கோம்னு தெரியுமாம். அப்பத்தான் நமக்கு மதிப்பாம். நீ படிச்சவந்தான், இல்லேங்கல. ஆனா உனக்கே அவருதானே கேரக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தாரு." தேர்தலுக்கு முந்திய நாளே என்னைக் கரோல் பாக்கில் ஒரு சாவடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வந்தவர்கள் விரல்களில் மை வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு கொடுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே வைத்தேன்.

நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். எல்லாரும் குளித்து, பண்டிகைக்குப் போவதுபோலப் போயிருக்கிறார்கள். "மொதச் சீட்டு குடுத்தான். மூணாவதுல குத்தினேன், சரியா இருந்துச்சி. அப்புறம் இன்னொரு சீட்டு குடுத்தான். கலரு வேற. அதுலயும் மூணாவதுல குத்தினேன்."

"அதுல மூணாவதுல என்ன படம் இருந்துச்சு?"

"ஏணி."

"நம்ம மிட்டாய்க்கடைக்காரரு படம் அதுல இல்லயா?"

"இருந்துச்சி, கீழ."

"பாத்தியா?"

"பாத்தேன்டா. பாத்ததும் கை கீழதான் போச்சி. சாருதான் படத்தப் பாக்காதன்னாரேன்னு மேல கொண்டாந்து குத்தினேன்."

சந்து முழுக்க அப்படித்தான் குத்தியிருந்தது. கைக்குத் தெரிந்திருக்கிறது. கையைத் திருத்த ஒரு செக்‌ஷன் ஆபீசர் தேவைப்பட்டார். மிட்டாய்க்கடைக்காரர் அந்தப் பூங்காக்காரரிடம் கொஞ்ச வாக்கில் தோற்றார். ஏணிச் சின்னத்தில் நின்ற சுயேச்சை, ஒரு கூட்டம்கூடப் போடாத, ஒரு நோட்டீஸ்கூட ஒட்டாத எவரோ ஒருவர், எங்கள் சாவடியில் வாரிக்கொண்டு போயிருந்தார். அவருக்கே அது எப்படி என்று புரிந்திருக்காது. மிட்டாய்க்கடைக்காரர் மறுநாள் குழாயடிக்கு வந்தார். கோபப்படவில்லை. "பெஹன்ஜி, நான் என்ன குறை வெச்சேன்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு நின்றார். ஒருத்தி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அவர் போய்விட்டார். கடையில் எங்கள் ஆட்களை மெல்ல மெல்ல நிறுத்தினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செயலாளர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வெட்கப்பட்டிருப்பார், ஒரு வாரமாவது வெளியே தலைகாட்டாமல் இருந்திருப்பார் என்று நினைப்பீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் வகுப்பு வழக்கம்போல நடந்தது. மேஜையில் மோர்மிளகாய் இருந்தது. "நான் அப்பவே சொன்னேன், கேட்டுக்கோங்கோ. டெல்லித் தமிழன் ரெண்டு தேசியக் கட்சியையும் நம்பறதில்லை. அவன் சாய்வு சுயேச்சை பக்கம். இது ஒரு நியூ டிரெண்ட்" என்றார். தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் இருந்து ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு கண்ணாடிக்கார இளைஞருக்கு இதையே ஆங்கிலத்தில் விளக்கினார் என்று அக்கா சொன்னாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் "மெட்ராசி", "இண்டிபெண்டன்ட்" என்ற இரண்டு வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்ததாம். அந்த ஆராய்ச்சியாளர் நாலாவைத் தாண்டி வரவில்லை. தாண்டியிருந்தால் ஒரு குடம் இறக்கி வைக்கும் நேரத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் உண்மை தெரிந்தால் ஆராய்ச்சி எப்படி நடக்கும்?

சில மாதங்களில் லாரிகள் வந்தன. யமுனைக்கு அந்தப் பக்கம், கரும்புக்காட்டை ஒட்டி, சுண்ணாம்புக் கோடு போட்ட மண்ணில் எங்களை இறக்கினார்கள். பஸ் மாறி மாறி வந்தால் லோதி ரோட்டுக்கு அக்கா வந்துசேர வெயில் ஏறிவிடும். வீட்டம்மாக்கள் முதலில் பாவம் என்றார்கள், பிறகு லேட் என்றார்கள், பிறகு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீடாகக் கழன்றது. கடைசியில் செயலாளர் வீடு மட்டும் மிஞ்சியது. அக்கா அதை ஒரு நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நமக்கு நல்லது செய்யப் போய்த்தானே இப்படி ஆயிற்று, அவர் கைவிடமாட்டார் என்று. ஒருநாள் அவர் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவளால் போய்ச்சேர முடிந்தது. ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே அவர் சொன்னாராம்: "கமலம், நீ அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றது உனக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். பக்கத்துலயே ஒரு நேபாளிப் பொண்ணு கிடைச்சிருக்கா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." யார் அவளை அவ்வளவு தூரத்துக்கு அனுப்பியது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் அவரை அயோக்கியர் என்று நினைத்த காலம் உண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. அயோக்கியனுக்குத் தான் செய்தது தெரிந்திருக்கும். இவர் அதற்கும் கீழே.

இப்போது நான் நிரந்தர குமாஸ்தா. அக்கா எங்கள் புதுப்பகுதியிலேயே ஒரு பட்டறையில் வளையலுக்குப் பூ ஒட்டுகிறாள், கண் கொஞ்சம் மங்கிவிட்டது. செயலாளர் ஓய்வு பெற்றுச் சங்கத் தலைவராகிவிட்டார். மனை கிடைத்துவிட்டது. வேறொரு கட்சிக்காரர் கொடுத்தார். போன குளிர்காலத்தில் சங்க ஆண்டுவிழா மலர் ஒன்று என் ஆபீஸ் மேஜைக்கு வந்தது. அதில் தலைவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்: தலைநகரத் தமிழரின் அரசியல் சாய்வுகள். வீட்டுக்கு எடுத்துப்போனேன். "சாரு எழுதினதா? படிடா" என்றாள் அக்கா. வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். படித்தேன். நாலாக்கரைத் தமிழர்கள் பெரிய கட்சிகளின் ஆசைவார்த்தைகளுக்கு மயங்காமல், தன்மானத்தோடு ஒரு சுயேச்சை வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துத் தலைநகரை வியக்கவைத்தார்கள் என்று எழுதியிருந்தார். அந்தத் தெளிவை அவர்களுக்கு ஊட்டியதில் சங்கத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்றும் எழுதியிருந்தார். அக்கா சிரிப்பாளோ, அழுவாளோ, வைவாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் வளையலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க அம்புட்டுப் பேரும் போட்டமே, அந்த ஏணிக்காரன்," என்றாள். "அவம் பேரு என்னாடா?"

எனக்குத் தெரியவில்லை. கட்டுரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதிலும் இல்லை.